குருதியும் குடிவழியும்: ஊவாப் பெருந்தோட்ட மக்களை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

குருதி என்னும் சொல் மருத்துவ நூல்களுக்கு மட்டும் உரியதன்று. உறவைச் சுட்டவும் உரிமையை நிறுவவும் மனிதர் தொன்றுதொட்டு அதனையே சான்றாக அழைத்து வந்துள்ளனர். இரத்த உறவு என்னும் வழக்கும், தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்னும் பழமொழியும் இவ்வுணர்வின் வெளிப்பாடுகளேயாம். வழக்கிலே வாழ்ந்த இவ்வெண்ணம் சட்டத்திலும் இடம்பெற்றது. இலங்கையின் 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம், ஒருவர் இந்நாட்டவரா என்பதைத் தீர்மானிப்பதற்கு அவர் எங்கே உழைத்தார் என்று வினவவில்லை. அவருடைய தந்தை எங்கே பிறந்தார், தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் எங்கே பிறந்தனர் என்றே வினவியது. ஊவா மாகாணத்தின் தேயிலைத் தோட்டங்களிலே தலைமுறை தலைமுறையாக உழைத்த குடும்பங்கள் பல, இவ்வினாவுக்கு எழுத்துமூலச் சான்று காட்ட இயலாமையால் நாடற்றோராயின.

இன்று பதுளையிலோ பண்டாரவளையிலோ மகப்பேற்றுச் சிகிச்சை நிலையத்திற்குச் செல்லும் தோட்டப் பெண்ணொருத்தி, வேறொரு நோக்கில் இதனையொத்த வினாக்களுக்கு விடை கூறவேண்டியுள்ளது. குடும்பத்தில் எவருக்கேனும் காலிலோ நுரையீரலிலோ குருதி உறைந்ததுண்டா? பிள்ளைப்பேற்றின்பின் எவரேனும் திடீரென இறந்தனரா? குருதி ஏற்றப்பட்டே வாழும் பிள்ளைகள் உறவினருள் உளரா? கணவன் நெருங்கிய சொந்தமா? பரம்பரையாக வரும் குருதி நோய்களை அறிவதற்கு இவ்வினாக்களே முதற்படி. சட்டம் கேட்ட வினா உரிமையை மறுப்பதற்குப் பயன்பட்டது; மருத்துவம் கேட்கும் வினா உயிரைக் காப்பதற்கு உரியது. எனினும் குடும்பத்தின் வரலாறு பேணப்பட்டிருந்தாலன்றி இரண்டுக்குமே விடை கூறுதல் அரிது.

பரம்பரைக் குருதி நோய்கள் இனத்துக்கு இனம் வேறுபடுகின்றன என்பது பொதுவாகக் கூறப்படும் கருத்து. அதில் உண்மை உண்டு. ஆனால் அவ்வேறுபாட்டை விளைவித்தது இனம் என்னும் பெயரா, முன்னோர் வாழ்ந்த நிலமும் வாழ்க்கையுமா என்பது வரலாற்றின் துணைகொண்டு ஆராயத்தக்கது. ஊவாவின் தோட்ட மக்களை முன்வைத்து இவ்வினாவை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குருதியில் இனத்தைத் தேடியோர்

மனிதக் குருதி ஒரே தன்மையதன்று என்பது 1901 இல் வியன்னாவைச் சேர்ந்த கார்ல் லாண்ட்ஸ்டைனர் குருதி வகைகளைக் கண்டறிந்தபோது தெளிவாயிற்று. முதலாம் உலகப் போரின்போது லுட்விக் ஹிர்ஸ்பெல்ட், ஹன்னா ஹிர்ஸ்பெல்ட் என்னும் மருத்துவத் தம்பதியர் கிரேக்கத்தின் சலோனிக்காப் போர்முனையிலே பல நாட்டுப் போர்வீரரின் குருதியைச் சோதிக்கும் வாய்ப்பைப் பெற்றனர். 1919 இல் வெளியான அவர்களது ஆய்வு, ஏ வகை ஐரோப்பாவில் மிகுந்தும் பீ வகை இந்தியப் போர்வீரரிடையே மிகுந்தும் இருந்ததைக் காட்டியது. இதிலிருந்து மனிதகுலம் இரு மூல இனங்களிலிருந்து தோன்றியிருக்கலாம் என்று அவர்கள் ஊகித்தனர். பின்வந்தோர் பலர் இவ்வழியே சென்று, குருதித் துளியைக் கொண்டு மனிதரை உயர்ந்தோர், தாழ்ந்தோர் எனப் பிரிக்கவும் முற்பட்டனர். யூத குலத்திற் பிறந்த ஹிர்ஸ்பெல்ட், 1941 இல் நாசிகளால் வார்சோ நகரின் யூதச் சேரியிலே அடைக்கப்பட்டார் என்பது இவ்வரலாற்றின் கொடிய முரண்.

இரு மூல இனங்கள் என்ற ஊகம் நிலைக்கவில்லை. 1972 இல் றிச்சர்ட் லெவொன்ரின் என்னும் அமெரிக்க உயிரியல் அறிஞர் குருதி வகைகளையும் குருதிப் புரதங்களையும் கணக்கிட்டு ஆராய்ந்தபோது, மனிதரிடையே காணப்படும் பரம்பரை வேறுபாட்டில் ஏறத்தாழ 85 வீதம் ஒரே மக்கட்கூட்டத்தினுள்ளேயே அடங்குவதைக் கண்டார். ஒரே தோட்ட லயத்தில் அடுத்தடுத்த காம்பராக்களில் வாழும் இருவரிடையேயுள்ள வேறுபாடு, இரு வேறு இனத்தவரிடையேயுள்ள சராசரி வேறுபாட்டினும் பெரிதாக இருத்தல் கூடும். எனினும் எஞ்சிய சிறுபகுதியில் சில நோய்களின் வரலாறு பொதிந்துள்ளது. குருதி உறைதல் அவற்றுள் ஒன்று.

உறைதலும் ஊரும்

குருதி நாளங்களுக்குள்ளே நீர்மமாக ஓடவேண்டும். காயம் நேர்ந்தால் உறையவேண்டும். இவ்விரு பணிகளுக்கும் இடையிலான சமநிலையைப் பல புரதங்கள் பேணுகின்றன. உறையச் செய்வன சில. உறைதல் எல்லை மீறாது தடுப்பன சில. தடுக்கும் புரதம் குறைந்தாலோ, உறையச் செய்யும் புரதம் தடைக்கு அடங்காது போனாலோ காலின் ஆழ்நாளங்களில் உறைகட்டி தோன்றும். அது பெயர்ந்து நுரையீரலை அடையுமாயின் உயிருக்கே ஆபத்தாகும். இக்குறை குடும்பவழியாக வருதல் கூடும் என்பதை, 1965 இல் நோர்வே நாட்டு மருத்துவர் ஒலாவ் எகபெர்க் ஒரு குடும்பத்தை ஆராய்ந்து நிறுவினார். 1993 இல் சுவீடனைச் சேர்ந்த பியோர்ன் டால்பெக், தடைக்கு அடங்காத குருதியுடைய குடும்பங்களைக் கண்டறிந்தார். மறு ஆண்டிலே ஒல்லாந்தின் லெய்டன் நகர ஆய்வாளர் அதன் காரணத்தைக் கண்டனர். உறைதலுக்கு உதவும் ஐந்தாம் காரணியின் பரம்பரையலகில் ஓர் எழுத்து மாறியிருந்தது. அவ்வூரின் பெயராலேயே அது ஐந்தாம் காரணி லெய்டன் என வழங்கலாயிற்று.

இவ்விகாரம் ஐரோப்பியரிடையே பரவலானது. வட ஐரோப்பிய வழியினருள் ஏறத்தாழ இருபதின்மருக்கு ஒருவர் அதனைத் தாங்கியுள்ளனர். 1995 இல் ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர் உலகின் பல மக்கட்கூட்டங்களைச் சோதித்தபோது, ஆபிரிக்கா, தென்கிழக்காசியா, அவுஸ்திரேலியா ஆகிய பகுதிகளின் சுதேச மக்களிடையே அதனைக் காணவில்லை. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரே ஒருவரிடம் தோன்றி, அவர்தம் வழித்தோன்றல்கள் மூலம் அது பரவியிருத்தல் வேண்டும் என்பது அறிஞர் துணிபு. தீமை பயக்கும் விகாரம் அழியாது நிலைத்தது ஏன்? அதனைத் தாங்கிய தாய்மார் பிள்ளைப்பேற்றின்போது இழக்கும் குருதி குறைவு என்று 1998 இல் சுவீடன் நாட்டு ஆய்வொன்று காட்டியது. தாய்மார் குருதிப்பெருக்கால் மடிந்த பண்டைக் காலத்தில் அது ஒரு காப்பாக அமைந்திருக்கலாம்.

ஐரோப்பியருக்கு உறையும் குருதி, ஆசியருக்கு உறையாக் குருதி என்னும் எண்ணம் மருத்துவ உலகில் நெடுங்காலம் நிலவியது. லெய்டன் விகாரம் கீழை நாடுகளில் அரிது என்ற செய்தி அவ்வெண்ணத்திற்கு வலுவூட்டியது. ஆனால் உண்மை நிலை வேறாயிருந்தது. ஆசிய நாடுகள் சிலவற்றில் இடுப்பு, முழங்கால் மூட்டுகளிற் பெரும் சத்திரசிகிச்சை பெற்று, உறைதல் தடுப்பு மருந்து பெறாதோரை ஆராய்ந்து 2005 இல் வெளியிடப்பட்ட அறிக்கை, அவர்களுள் 100 பேரில் ஏறத்தாழ 41 பேரின் கால் நாளங்களில் உறைகட்டியைக் கண்டது. ஒரு விகாரம் ஒரு மக்களிடையே அரிது என்பதும் அந்நோய் அம்மக்களிடையே அரிது என்பதும் ஒன்றாகா. உறைதலுக்குப் பரம்பரையன்றி வேறு வாயில்களும் உள. சத்திரசிகிச்சை, நெடுநாட் படுக்கை, கர்ப்பம், பிள்ளைப்பேறு, நீர்ச்சத்துக் குறைவு என்பன அவற்றுட் சில.

மதுரையிலிருந்து ஒரு சான்று

ஊவாத் தோட்டங்களுக்கு வந்த மக்களின் பூர்வீகம் மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, தஞ்சாவூர், சேலம் முதலிய தமிழகப் பகுதிகளாகும். அவற்றுள் மதுரையிலிருந்து கிடைத்த மருத்துவச் சான்று இவ்விடத்தில் நோக்கற்பாலது. கர்ப்ப காலத்திலும் பிள்ளைப்பேற்றின் பின்னரும் மூளையின் குருதிக் குழாய்களில் உறைகட்டி ஏற்பட்ட 135 பெண்களைப் பற்றிய ஆய்வினை, மதுரை நரம்பியல் மருத்துவர் கே. ஸ்ரீநிவாசன் 1983 இல் வெளியிட்டார். மேலை நாடுகளில் அருகிக் காணப்பட்ட இந்நோய், இந்திய வைத்தியசாலைகளிலே இளந்தாய்மாரைத் தாக்கும் முக்கியமான பாரிசவாத நோய்களுள் ஒன்றாக விளங்கியது.

பிள்ளை பெற்ற தாய்க்குத் தண்ணீரை மட்டுப்படுத்தும் பத்திய வழக்கம், அதனால் விளையும் நீர்ச்சத்துக் குறைவு, முன்னரே உள்ள குருதிச்சோகை, வீட்டிலே நிகழும் பேற்றினால் வரும் தொற்று ஆகியவற்றை இந்திய மருத்துவர் காரணங்களாகச் சுட்டினர். இவை யாவும் வாழ்க்கை நிலையோடு பிணைந்தவை, மாற்றக்கூடியவை. இதே தமிழ்ப் பெண்களின் நோயைத் தமிழ்க் குருதியின் இயல்பு என்று விளக்க எவரேனும் முற்பட்டிருப்பின், தண்ணீர் கொடுத்துத் தடுக்கத்தக்க ஒன்று விதியின் பெயரால் விடப்பட்டிருக்கும். பிள்ளைப்பேற்றுப் பத்தியம் கடல் கடந்து மலைநாட்டு லயங்களுக்கும் வந்த வழக்கம் என்பதை எண்ணும்போது, இச்சான்று ஊவாவுக்கும் உரியதாகின்றது.

ஊவாவின் இரு நிலங்கள்

ஊவா ஒரே நிலமன்று. அப்புத்தளை, பண்டாரவளை, வெலிமடை ஆகிய பகுதிகள் குளிர்ந்த மேட்டு நிலங்கள். கிழக்கிலும் வடக்கிலும் இறங்கினால் வெல்லஸ்ஸ, பிபிலை, மகியங்கனை, பிந்தன்னை எனத் தாழ்ந்த வெப்ப நிலம் விரிகின்றது. 1817-18 இல் ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்த ஊவாக் கிளர்ச்சி அடக்கப்பட்டபோது இத்தாழ்நிலக் கிராமங்களும் வயல்களும் பெரும் அழிவுக்குள்ளாயின. அழிவின்பின் அங்கு நிலைத்து ஆட்சி செய்தது மலேரியா. வரட்சியால் ஆறுகள் வற்றிக் குட்டைகளாகும்போது அதனைப் பரப்பும் நுளம்பு பெருகும். 1934-35 இல் இலங்கையைத் தாக்கிய பெரும் மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கவர்ந்தது. கேகாலை, குருணாகல் மாவட்டங்களே அதன் கொடுமையை மிகுதியும் அனுபவித்தன. ஆனால் உலர் வலயக் கிராமங்களுக்கு மலேரியா ஆண்டுதோறும் வரும் விருந்தாளியாகவே இருந்தது.

நூற்றுக்கணக்கான தலைமுறைகள் மலேரியாவோடு வாழ்ந்த மக்களின் குருதி அதன் தழும்பைத் தாங்கியிருக்கும் என்னும் கருத்தை 1949 இல் ஜே. பி. எஸ். ஹோல்டேன் வெளியிட்டார். பிற்காலத்தில் இந்தியாவிற் குடியேறி 1964 இல் புவனேஸ்வரத்திலே காலமான பேரறிஞர் இவர். மத்தியதரைக் கடற்பகுதியில் தலசீமியா என்னும் பரம்பரைக் குருதிச்சோகை மிகுந்திருப்பதை நோக்கிய அவர், அதனை ஒரு பெற்றோர் வழியாக மட்டும் பெற்றவர் மலேரியாவிலிருந்து காப்புப் பெறுகின்றனர் என்று ஊகித்தார். இத்தகையோர் காவிகள் எனப்படுவர். அவர்களிடம் நோய் வெளிப்படுவதில்லை. காவிகள் இருவர் மணந்தால், ஒவ்வொரு பேற்றிலும் நான்கில் ஒரு வாய்ப்பு, குழந்தை இருவழியாலும் அதனைப் பெற்று நோயுறுதற்கு உண்டு. கடுமையான வடிவத்தில் அந்நோயுற்ற குழந்தை வாழ்நாள் முழுவதும் குருதி ஏற்றப்பட்டே வாழவேண்டும்.

இலங்கையில் இந்நோயின் பரப்பு 2000 ஆம் ஆண்டில் லான்செற் ஏட்டில் வெளியான ஆய்வினால் விளக்கம் பெற்றது. இலங்கை மருத்துவரும் ஒக்ஸ்போர்டின் டேவிட் வெதரோல் குழுவினரும் 703 நோயாளரையும் 1,600 பாடசாலைச் சிறுவரையும் சோதித்தனர். நாட்டில் சிகிச்சை வேண்டும் நோயாளர் தொகை 2,000 ஐ எட்டும் என அவர்கள் மதிப்பிட்டனர். 2019 இல் வெளியான மற்றோர் ஆய்வு 23 நிலையங்களில் 1,774 நோயாளரைக் கணக்கிட்டது. குருணாகல், அநுராதபுரம் ஆகியவற்றோடு பதுளையும் இந்நோய்க்குரிய முக்கிய சிகிச்சை நிலையங்களுள் ஒன்றாக இருப்பது தற்செயலன்று. ஊவாவின் தாழ்நிலம் மலேரியாவின் பழைய ஆட்சிப் பரப்பு.

உறைதலோடு இதற்கு நேர்த்தொடர்பும் உண்டு. தலசீமியாவின் சில வடிவங்களில், சிறப்பாக மண்ணீரல் அகற்றப்பட்டவரிடம், சிதைந்த செங்குழியங்கள் உறைதலைத் தூண்டுகின்றன. 8,860 நோயாளரை உள்ளடக்கி 2006 இல் வெளியான மத்தியதரைக் கடல், ஈரான் ஆய்வு, ஒழுங்காகக் குருதி ஏற்றப்படும் கடுமையான வகையினரிலும் இடைத்தர வகையினரிடமே உறைகட்டி ஏறத்தாழ நான்கு மடங்கு மிகுந்திருந்ததைக் காட்டியது. பரம்பரை உறைதல் ஆபத்தை ஐரோப்பாவில் லெய்டன் விகாரம் கொணர்ந்ததெனின், ஊவாவில் அதனைக் கொணரும் வழிகளுள் ஒன்று தலசீமியா எனலாம். ஐரோப்பியரை நோக்கி வகுத்த சோதனைப் பட்டியலை அவ்வாறே பதுளைக்குக் கொண்டுவந்தால் இவ்வழி கண்ணிற் படாது.

இலங்கையின் தலசீமியாப் பரம்பரையலகுகளின் பெரும்பகுதிக்கு இரண்டே விகாரங்கள் காரணம் என்பதும் அந்த ஆய்விலிருந்து அறியப்படுகிறது. அவற்றுள் முதன்மையானதே இந்தியா முழுவதிலும், தமிழகத்திலும், மிகப் பரவலானது. சிங்களக் கிராமத்துப் பிள்ளையையும் தமிழகத்துப் பிள்ளையையும் ஒரே எழுத்து மாற்றம் நோயுறச் செய்கின்றது. சனத்தொகைக் கணக்கெடுப்பின் இனப் பகுப்பைப் பரம்பரையலகு அறியாது. நோயின் பரவல் இனக்குழுக்களிடையே சமமாக இல்லை என்று 2019 ஆம் ஆண்டு ஆய்வு கூறியது உண்மையே. அதே ஆய்வு நெருங்கிய உறவுத் திருமணங்களையும் உடன்வைத்தே நோக்கியது என்பதையும் மறத்தலாகாது.

தோட்டத்துச் சோகை

தாழ்நிலத்தின் சோகைக்கு ஒரு பகுதியேனும் பரம்பரை காரணம் எனின், மேட்டு நிலத் தோட்டங்களின் சோகைக்கு எது காரணம்? பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடக்கம் கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் கங்காணிமாரால் அழைத்துவரப்பட்டோர் மன்னாரில் இறங்கி, வன்னிக் காட்டினூடாக மாத்தளைக்கு நடந்தனர். ஊவாவுக்கு உரியோர் அதற்கப்பாலும் நடந்தனர். புகையிரதப் பாதை பதுளையை அடைந்தது 1924 இலேயே. வழியிலே பேதியும் காய்ச்சலும் பலரைக் கொன்றன. எஞ்சியோர் தோட்டங்களிலும் பெருந்தொகையினராய் மடிந்தபோது, வந்தபோதே அவர்கள் நலிந்த உடலினர் எனவும் அசுத்தப் பழக்கத்தினர் எனவும் தோட்டத்துரைமார் காரணம் கூறினர். 1872 ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டமும் 1912 இல் வந்த சட்டங்களும் தோட்ட வைத்தியத்துக்கு ஒழுங்கு செய்தன. ஆயினும் பழி தொழிலாளியின் உடல்மீதே நின்றது.

1916 இல் அமெரிக்காவின் றொக்பெல்லர் நிறுவனம் மாத்தளைத் தோட்டங்களிலே கொழுக்கிப்புழு ஒழிப்பு முயற்சியைத் தொடங்கியது. சோதிக்கப்பட்ட தொழிலாளருள் மிகப் பெரும்பான்மையோர் குடலில் அப்புழு இருந்தது. மலகூடமற்ற லயங்களைச் சூழ்ந்த ஈரமண்ணிலே வெறுங்காலுடன் நடப்போரின் தோலைத் துளைத்து உட்புகும் அது, குடலில் தங்கிக் குருதியை உறிஞ்சும். சோம்பல் எனத் தோட்டத்துரை எழுதிய குறிப்பு, பெரும்பாலும் புழுவினால் விளைந்த குருதிச்சோகையேயாம். மருந்து கொடுத்தபோது சோகை தணிந்தது. மலகூடம் கட்டாத இடத்தில் மீண்டும் வந்தது. இனத்தின் இயல்பெனக் கருதப்பட்ட ஒன்று மலகூடமின்மையின் விளைவென்று தெளிவாயிற்று.

அதற்கு முந்திய தலைமுறைகளின் இறப்புகள் எவ்வாறு பதியப்பட்டன என்பது வரலாற்று மாணவர் கருதவேண்டியது. தோட்டத்துப் பிறப்பு இறப்புகளை அறிவிக்கும் பொறுப்பு மருத்துவரல்லாத தோட்ட நிர்வாகத்திடம் இருந்தது. பலவீனம், சோகை, வீக்கம் என்னும் பொதுப்பெயர்களின் கீழ் எண்ணற்ற மரணங்கள் அடங்கின. பிள்ளைப்பேற்றின்பின் கால் வீங்கி மூச்சடைத்து இறந்தவள், பிறவியிலேயே குருதி குன்றிய குழந்தை, புழுவால் வெளிறிய தொழிலாளி ஆகிய மூவரும் இப்பதிவுகளில் ஒருவரிலிருந்து ஒருவர் பிரித்தறிய முடியாதவராயினர். தடுக்கத்தக்க நோயும் பரம்பரை நோயும் ஒரே சொல்லுக்குள் மறைந்தமையால், பேரப்பிள்ளைகளுக்குப் பயன்படக்கூடிய அறிவு அழிந்தது.

இன்று இதன் மறுதலையான தவறும் நிகழக்கூடும். தோட்டத்துப் பெண்ணின் சோகை என்றால் அது இரும்புச்சத்துக் குறைவுதான் என்று கொள்ளுதல் எளிது. பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் தலசீமியாக் காவியின் இலேசான சோகையும் நுணுக்குக் காட்டியில் அதனையே ஒத்திருக்கும். மாதக்கணக்கில் இரும்புக் குளிகை விழுங்கியும் பயனின்றி இருப்பவளிடம் மேலும் ஒரு குருதிச் சோதனை செய்யாது விட்டால், அவள் காவி என்ற செய்தி நோயுற்ற குழந்தை பிறந்த பின்னரே தெரியவரும்.

சிதறிய குடிவழி

கங்காணி முறை தனியாட்களை அன்றி உறவினரையும் ஊராரையும் கூட்டங்கூட்டமாகக் கொணர்ந்தது. ஆதலின் ஊர்வழி உறவும் சாதிவழி உறவும் லயங்களிலே தொடர்ந்தன. மாமன் மகளையும் அத்தை மகளையும் மணப்பது உரிமையெனக் கருதப்பட்டது. தாய்மாமனே மணப்பதும் உண்டு. அந்நிய மண்ணிலே கூலியும் குடியிருப்பும் நிச்சயமற்ற மக்களுக்கு இவ்வழக்கம் ஒரு பாதுகாப்பு. அதனைப் பழித்தல் முறையன்று. ஆயினும் ஒரு குடும்பத்தில் மறைந்துள்ள விகாரம் நெருங்கிய உறவுத் திருமணத்தால் இருவழியும் கூடிவர வாய்ப்பு மிகும் என்பது பரம்பரையியலின் உறுதியான முடிபு. எனவே இம்மக்களுக்கு எந்தெந்த உறவினர் எந்நோயால் இறந்தனர் என்னும் அறிவு பிறரிலும் இன்றியமையாதது.

அவ்வறிவையே அரசியல் சிதைத்தது. 1948 இல் பிரசாவுரிமை இழந்த மக்களின் எதிர்காலம் 1964 ஒக்டோபரில் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தால் எண்களாகப் பிரிக்கப்பட்டது. 975,000 பேருள் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்க இணங்கின. எஞ்சிய 150,000 பேர் 1974 இல் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். அண்ணன் ஒருபுறம், தங்கை மறுபுறம் எனக் குடும்பங்கள் பிளவுண்டன. தாயகம் திரும்பியோருக்கென 1968 இல் நீலகிரியிலே அரச தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. கூடலூரிலும் கோத்தகிரியிலும் குடியேறியவரின் உறவினர் பசறையிலும் நமுனுகுலையிலும் எஞ்சினர். 2003 ஆம் ஆண்டுச் சட்டம் இலங்கையில் எஞ்சிய நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கியது. எனினும் பிரிந்த குடும்பங்கள் மீண்டும் ஒன்றாகவில்லை.

ஒருத்தியின் சின்னம்மா நீலகிரியில் பிள்ளைப்பேற்றின்பின் நுரையீரலில் உறைகட்டி ஏற்பட்டு இறந்திருக்கலாம். பதுளையில் முதற் பேற்றை எதிர்நோக்கும் மருமகள் அதனை அறியாள். அறிந்திருந்தால் அவளுக்கு உறைதல் தடுப்பு மருந்து வேண்டுமா என மருத்துவர் ஆராய்ந்திருப்பர். எத்தகைய நவீன ஆய்வுகூடமும் இந்த ஒரு செய்திக்கு ஈடாகாது. ஏனெனில் உறைதலுக்குரிய பரம்பரைக் குறைகள் பல. எல்லாவற்றையும் எல்லாரிடமும் சோதித்தல் இயலாது. எங்கே தேடவேண்டும் என்று காட்டுவது குடும்ப வரலாறே.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து மூன்று உண்மைகள் புலனாகின்றன. முதலாவது, குருதியிலுள்ள வேறுபாடுகள் முன்னோர் வாழ்ந்த நிலத்தின் வரலாற்றால் விளைந்தவை. லெய்டன் விகாரத்துக்கும் தலசீமியாவுக்கும் இது பொதுவானது. இரண்டாவது, ஒரு மக்களின் நோயை அவர்தம் இனத்தின் இயல்பெனக் கொண்டவிடத்தெல்லாம் மாற்றத்தக்க காரணம் மறைக்கப்பட்டது. தோட்டத்துக் கொழுக்கிப்புழு இதற்குச் சான்று. மூன்றாவது, இந்நோய் உங்கள் மக்களுக்கு வராது என்னும் ஆறுதலும் இந்நோய் உங்கள் மக்களின் இயல்பு என்னும் பழியும் ஒரே பிழையின் இரு முகங்கள்.

மலேரியா இன்று இலங்கையிலிருந்து நீங்கிவிட்டது. 1963 இல் 17 நோயாளர் என்னும் அளவுக்குக் குறைந்து, பின் மீண்டெழுந்து, இறுதியில் 2016 இல் மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் இந்நாட்டை அறிவித்தது. மலேரியா போயிற்று, அது குருதியில் விட்டுச்சென்ற பரம்பரையலகு இன்னும் பல தலைமுறை தொடரும். 2012 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி பதுளை மாவட்ட மக்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் தமிழர். தாழ்நிலக் கிராமத்தவரும் மேட்டுநிலத் தோட்டத்தவரும் பதுளை வைத்தியசாலையின் ஒரே விடுதியில், ஒரே குருதி வங்கியை நம்பியிருக்கின்றனர். குருதி வழங்கியவரின் இனம் எதுவென்று பெறுபவர் கேட்பதில்லை.

செய்யத்தக்கவை பெரிய காரியங்களல்ல. திருமணத்துக்கு முன் தலசீமியாக் காவிகளை அறியும் எளிய குருதிச் சோதனை. பிள்ளை பெற்ற தாய்க்குத் தாகம் தீரத் தண்ணீர். ஒரு காலில் மட்டும் வீக்கமும் நோவும் கண்டால், அல்லது திடீரென மூச்சடைத்தால், தாமதியாது வைத்தியரை நாடுதல் என்பனவே அவை. இவற்றோடு, தோட்டப்புறத்து இளைஞர் தம் பாட்டன் பாட்டிமாரிடமும் கடலுக்கு அப்பாலுள்ள உறவினரிடமும் கேட்டு, யார் எங்கே எவ்வாறு இறந்தனர் என்பதை ஒரு கொப்பியில் எழுதிவைத்தல் வேண்டும். தோட்டப் பதிவேடு பலவீனம் என்ற ஒரு சொல்லால் மூடிவிட்ட அவ்வரலாற்றை நினைவிலிருந்து மீட்கக்கூடிய மூத்த தலைமுறை இன்னும் லயங்களில் வாழ்கின்றது. அவர்கள் உள்ளபோதே அப்பணி நிறைவேற வேண்டும்.